எண் இருந்த இடத்தில் சந்தனம்

தக்காளி என்று ஊரே பெயர் வைத்திருந்த அந்தச் சிவப்பு ரொவெல்லா காரின் எஞ்சின் நாற்பத்தைந்து வருடம் கழித்து உறுமிக் கிளம்பிய வியாழக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, பட்டறை வீதி எட்டாம் எண் வீட்டு அடுப்பிலிருந்து ஒரு எவர்சில்வர் குண்டா தானாக இறங்கி, பாதி வெந்த பருப்பைச் சிந்தாமல் சுமந்துகொண்டு, வாசல் கோலத்தை மிதிக்காமல் ஓரமாக நகர்ந்து, வீதியைக் கடந்து, தன் வயிற்றில் புள்ளி புள்ளியாய் வெட்டியிருந்த பெயருக்கு உரியவளின் சமையலறைக்குள் போய் உட்கார்ந்தது. ஏழு வருடத்துக்கு முன் இரவல் கொடுத்த குண்டா. அவள் மூடியைத் தூக்கிப் பார்த்து, "உப்பே போடல பாரு," என்றாள்.

அன்று காலை எஞ்சின் அரைமணி நேரம் ஓடியது. அந்த அரைமணியில் கல்லாம்பதியின் ஆறு வீதிகளிலும் குடைகளும் டிபன் கேரியர்களும், ஒரு தையல் மிஷினும், நூலகத்துப் புத்தகங்கள் நூற்றுப் பதினேழும் (அவற்றில் நூற்றுப் பத்து ஒரே வீட்டிலிருந்து, அதுவும் நூலகர் வீட்டிலிருந்து) வரிசையாக நடந்து போயின. ஒரு சவுரி மட்டும் எந்தத் தலைக்குத் திரும்புவது என்று தெரியாமல் தபால் நிலையத்துக் கூரை மேல் மூன்று சுற்று சுற்றிவிட்டு வடக்கே திருப்பதிப் பக்கமாகப் பறந்தது.

ஆச்சரியப்பட யாருக்கும் நேரமில்லை. போக்குவரத்து அப்படி.

பூதிமலையின் அடிவாரத்தில் இருக்கிற கல்லாம்பதி, பம்புசெட்டும் வார்ப்படமும் செய்து பிழைக்கிற ஊர்; இங்கே பல் முளைக்கிற குழந்தைகூட நட்டைக் கடிக்கும், துருப்பிடித்த போல்ட்டைத் துப்பிவிடும். இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு இயந்திரம் ஏன் இப்படிச் செய்கிறது என்பதில் அக்கறை கிடையாது; எத்தனை மணிக்கு ஓட்டுவீர்கள் என்பதில்தான் அக்கறை. எனவே காரின் சொந்தக்காரி துளசிமணி, தன் வார்ப்படப் பட்டறைக் கதவில் "தினமும் பத்தே காலிலிருந்து பத்தே முக்கால் வரை" என்று எழுதி ஒட்டினாள். நகராட்சி கூடி, வீடு திரும்பும் பொருள்கள் சாலையின் இடப்பக்கமாகவே செல்ல வேண்டும் என்று தீர்மானம் போட்டது. கயிற்றுக்கடைக்காரர் தன் வாழ்நாளில் விற்காத கயிற்றையெல்லாம் இரண்டே நாளில் விற்றார்.

மூன்றாம் நாளுக்குள் விதிகள் தெளிவாகிவிட்டன. காசுக்கு வாங்கியதும், மனதாரக் கொடுத்ததும் நகராது. இரவலும் திருட்டும் மறதியும் நடக்கும். நட்டு போட்டு இறுக்கியவை மெதுவாகத்தான் கிளம்பும். சுவரோடு அடித்திருந்த ஒரு ஏணிக்கு இரண்டு நாள் பிடித்தது. சொற்களும் விலக்கல்ல. நகர்மன்ற உறுப்பினர் ஒருவர் மேடையில் கையை உயர்த்திய நிலையில் பேச்சு வராமல் நிற்க, அந்த உரையை எழுதிக் கொடுத்திருந்த கணக்கு வாத்தியார் ஒன்பதாம் வகுப்புக் கரும்பலகையின் முன்னால் திடீரென்று திரும்பி, "என் உயிரினும் மேலான வாக்காளப் பெருமக்களே!" என்றார். பிள்ளைகள் கை தட்டினார்கள். அதற்குப் பிறகு கருவேப்பிலை கொடுத்தால்கூட "மனசாரக் குடுத்தனுங்" என்று உரக்கச் சொல்லிக் கொடுப்பது கல்லாம்பதியில் மரியாதையாகிவிட்டது.

ஆனால் எஞ்சினைக் கிளப்பியது குண்டாக்களுக்காக அல்ல. துளசிமணியின் பெயருக்காக.

1979 புரட்டாசியில், பத்தொன்பது வயதில், துளசிமணி அந்தக் காரை பூதிமலையின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளிலும் ஓட்டிப் பந்தயத்தில் முதலில் வந்தாள். இரண்டாவதாக வந்தவர் அரிசி ஆலைக்கார வீட்டு மருதாசலம்; இருபத்து நான்கு வயது, பத்து நாளுக்கு முன்தான் கல்யாணம், புது மனைவியின் முன்னால் ஒரு பெண்ணிடம் தோற்றார். பந்தயத்தின் விதி, கார் பிறந்தபோது எந்த எஞ்சினோடு பிறந்ததோ அதே எஞ்சினோடுதான் ஓட வேண்டும் என்பது. ஒன்பதாம் நாள் மருதாசலம் மோட்டார் சங்கத்துக்குப் போய், "அது வேற எஞ்சினுங்க. பெருசா ஒண்ணைப் போட்டு ஏமாத்திப்போட்டாங்க," என்று எழுதிக் கொடுத்தார்.

சங்கத்துக்காரர்கள் கவலைப்படவில்லை. இப்படிப்பட்ட கார்களில் எஞ்சினின் பக்கவாட்டில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு இடத்தில் எட்டு இலக்க எண் குத்தியிருக்கும். அதே எண் காரின் சட்டத்தில் ஆணியடித்த தகட்டிலும் இருக்கும். இரண்டும் ஒன்றானால் எஞ்சின் அசல். பார்த்தால் தீர்ந்தது. பார்க்கப் போனார்கள்.

இடையில் ஆயுத பூஜை வந்து போயிருந்தது. துளசிமணியின் அப்பா நாச்சிமுத்து பிட்டர். அரம் பிடித்தால் இரும்பைக் கண்ணாடியாக்குகிறவர். மகளை ஜெயிக்க வைத்த எஞ்சினுக்கு முதல் பொட்டு வைக்கத் தோதான இடம் தேடினார். வார்ப்பு முழுக்கச் சொரசொரப்பு. ஒரே ஒரு இடம் தட்டையாக இருந்தது, ஆனால் அதிலும் எவனோ என்னவோ கொத்தி வைத்திருந்தான். நாச்சிமுத்து ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து அதை ராவி, மட்டம் பார்த்து, மறுபடி ராவி, துடைத்து, சந்தனம் பூசி, நடுவில் குங்குமம் வைத்தார். சங்கச் செயலாளர் ஈரத் துணியால் அந்தச் சந்தனத்தைத் துடைத்தபோது, எண் இருக்க வேண்டிய இடத்தில் தன்னுடைய மீசையைப் பார்த்தார்.

"பொட்டு வெக்கற எடம் மேடும் பள்ளமுமா இருந்துச்சுங்க," என்றார் நாச்சிமுத்து. சாகும்வரை அதையே சொன்னார், ஒவ்வொரு முறையும் முந்தைய முறையைவிடக் குறைந்த குரலில்.

துளசிமணி ஜெயித்த பந்தயக் கோப்பை சங்கத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் போனது. வெற்றியாளர் பலகையில் 1979க்கு நேரே ஒரு கோடு போட்டார்கள். துளசிமணி காரைக் கொட்டகையில் விட்டுப் பூட்டிவிட்டு, அப்பாவின் பட்டறையை நடத்தி, பெரிதாக்கி, அறுபத்து நான்கு வயதானாள். நல்லது கெட்டது எதற்காகச் சங்கத்துக்குப் போனாலும் அந்தக் கோட்டுக்கு முதுகு காட்டியே உட்கார்ந்தாள். இந்த வருடம் பலகைக்குப் புதிதாக வண்ணம் அடிக்கப் போவதாகவும், பழைய கார்களைச் சரிபார்க்கிற அமைப்பு ஒன்று சான்று கொடுத்தால் கோட்டை அழித்துப் பெயர் எழுதுவதாகவும் செய்தி வந்தது. எழுதாவிட்டால் கோட்டுக்கும் புது வண்ணம்.

அப்படித்தான் சென்னையிலிருந்து ஆராவமுதன் வந்து சேர்ந்தார். எழுபது வயது. ஒரு பூதக்கண்ணாடி, ஒரு பென்சில், ஒரு சுருள் ஒட்டு நாடா, விதிப்புத்தகம். ஆர்.டி.ஓ. ஆபீசில் செய்வதுபோல எண் இருந்த இடத்தில் பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்து, நாடாவை ஒட்டி உரித்தார். எண் எதுவும் எழவில்லை. ஒரே சீரான கறுப்பு.

"மேடம், நாப்பது வருஷமா இந்த வேலையில இருக்கேன். இப்படி ஒரு மட்டமான தளத்தைப் பார்த்ததே இல்லை," என்றார்.

"எங்கப்பாவுங்க," என்றாள் துளசிமணி, பெருமையும் எரிச்சலும் சரிபாதியாக.

பிளக் துளை வழியாக எண்ணெய் விட்டு நாலு நாள் ஊறவைத்து, ஐந்தாம் நாளான வியாழக்கிழமை எஞ்சினைக் கிளப்பியது, சூடான நிலையில் அளவெடுக்கத்தான். அடுத்த ஆறு நாளும் அளவெடுத்தார். வார்ப்புத் தேதி பொருந்தியது. ஆனால் அதே வாரத்தில் அந்தத் தொழிற்சாலை இருநூறு எஞ்சின்கள் வார்த்திருந்தது. இதற்கிடையில் தக்காளியே உதிர ஆரம்பித்தது. நாச்சிமுத்து கைமாற்றாக வாங்கி மாட்டிய ஹாரன் மணல் லாரிக்காரர் வீட்டுக்கும், கண்ணாடி சலூனுக்கும், இரண்டு இருக்கைகளும் சினிமாக் கொட்டகையின் முதல் வகுப்புக்கும், முன்மூடி யாரோ ஒருவரின் கோழிக்கூண்டுக்குக் கூரையாகவும் திரும்பின. புதன்கிழமை மிஞ்சியது சட்டம், சக்கரம், ஸ்டியரிங், எஞ்சின். எஞ்சின் அசையவே இல்லை.

வேடிக்கை பார்த்த கூட்டம் விசில் அடித்தது. "பாத்தீங்களா! வேற வண்டியோடதா இருந்தா இந்நேரம் எந்திரிச்சுப் போயிருக்குமுங்க!"

ஆராவமுதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தவறான முடிவைச் சரியான சந்தோஷத்தோடு சொல்கிறவர்களைத் திருத்துவது அவருக்குப் பிடித்த வேலை.

"நகரலைங்கறது உண்மை. ஆனா நகராதது எதையும் நிரூபிக்கலை. மேடத்தோட அப்பா பெரிய எஞ்சின் ஒண்ணைக் காசு குடுத்து வாங்கி மாட்டியிருந்தா, அதுவும் இப்படியேதான் உக்காந்திருக்கும். நீங்க சொன்ன விதிதானே, காசுக்கு வாங்கினது நகராதுன்னு?"

விசில் அடித்த விரல்கள் வாயிலிருந்து இறங்கின. சொந்த விதியிலேயே மாட்டிக்கொள்வது சங்கடம்தான்.

"அப்ப என்னுங்க பண்றது?" என்றாள் துளசிமணி.

"ஒரு வழி இருக்கு. எண் இல்லாத இடத்துல சாட்சி செல்லும். பந்தயத்தன்னிக்கு இந்த எஞ்சினை நல்லாத் தெரிஞ்ச ஆள். ஆனா உங்களுக்குச் சாதகமாச் சொல்றதுல அவருக்கு எந்த லாபமும் இருக்கக் கூடாது. சந்தோஷம்கூட இருக்கக் கூடாது."

ஒருவர் பின் ஒருவராகச் சிரிக்கத் தொடங்கினார்கள். கல்லாம்பதியில் அப்படிப்பட்டவர் ஒரே ஒருவர்தான்.

மருதாசலம் அந்த வாரம் ஊரிலேயே இல்லை. எஞ்சின் கிளம்பிய முதல் நாளே அவர் வீட்டிலிருந்து பதினெட்டுப் பொருள்கள் வெளியேறியதால், மிச்சத்தையும் மனைவி நாகரத்தினத்தையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, சத்தம் எட்டாத தோட்டத்துக்குப் போய்விட்டார். துளசிமணி போன் செய்தாள்.

"மருதாசலண்ணா, நாளைக்குச் சங்கத்துக்கு வண்டியக் கொண்டாறேன். வந்து காதுல கேட்டுப்போட்டு, இல்லைன்னா இல்லைன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லீட்டுப் போங்க."

"எனக்குக் காது மந்தமாப் போச்சு, அம்மிணி."

"போன்ல நல்லாத்தான் கேக்குது போங்க."

வியாழக்கிழமை அவர் வந்தார். நாகரத்தினம் பக்கத்தில் அமர்ந்திருக்க, ஜீப்பை விட்டு இறங்காமல், இரண்டு காதிலும் பஞ்சு அடைத்துக்கொண்டு, பார்வையை மலைப் பக்கம் வைத்துக்கொண்டு. சங்கம் இருந்தது மலைச்சாலை தொடங்குகிற இடத்தில். எஞ்சின் சத்தம் இதுவரை எட்டாத இடம். கூட்டம் தள்ளிக்கொண்டு வந்து சேர்த்த தக்காளியில், துளசிமணி இருக்கை இருந்த இடத்தில் ஒரு பலகையைப் போட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் ஆராவமுதன், நாடாவும் பென்சிலுமாக. எஞ்சின் கிளம்பியது.

முதலில் மருதாசலத்தின் காதுப் பஞ்சு வெளியே வந்து, அது எங்கிருந்து கேட்காமல் எடுக்கப்பட்டதோ அந்த ஆஸ்பத்திரியை நோக்கி மிதந்தது. அடுத்து, சங்கத்துக்குள் கண்ணாடி உடைகிற சத்தம். கோப்பை படியிறங்கி வந்தது. துளசிமணியையும் மருதாசலத்தையும் கூட்டத்தையும் சுற்றிக்கொண்டு, கைப்பிடிக் காது இரண்டும் ஆட, மலைச்சாலையில் உருண்டு ஏறத் தொடங்கியது.

"கப்பு போகுது!" என்று யாரோ கத்தினார்கள்.

துளசிமணி கியரைப் போட்டாள்.

மருதாசலம் ஏன் பின்தொடர்ந்தார் என்று பிறகு கேட்டபோது அவருக்கே சொல்லத் தெரியவில்லை. அவருடைய கால் அதற்கு முன்பே மிதித்துவிட்டிருந்தது. கோப்பை முன்னால், கோப்பைக்குப் பின்னால் கதவும் மூடியும் விளக்கும் இல்லாத, சிவப்பே இல்லாத தக்காளி, பலகை மேல் முந்தானை பறக்க அறுபத்து நான்கு வயது, அவளைப் பிடித்துக்கொள்வதா விதிப்புத்தகத்தைப் பிடித்துக்கொள்வதா என்று தீர்மானிக்க முடியாமல் கடைசியில் புத்தகத்தை விட்ட ஆராவமுதன், அதற்குப் பின்னால் ஜீப், ஜீப்பில் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் தாலியையும் பிடித்திருந்த நாகரத்தினம், முதல் வளைவு, இரண்டாம் வளைவு, குரங்குகள் வழி விட்டன, மூன்று, நான்கு, எதிரே வந்த பஸ் ஓரம் கட்டிக் கோப்பைக்கு ஒரு ஹாரனும் காருக்கு இரண்டு ஹாரனும் அடித்தது, ஐந்து, ஆறு, துளசிமணி சிரித்துக்கொண்டிருந்தாள், பத்தொன்பதில் சிரித்த அதே உரத்த சிரிப்பு. அது மலையில் மோதித் திரும்பி வந்து தன் சொந்தக்காரியிடமே சேர்ந்தது.

ஏழாம் வளைவில் நாகரத்தினம் வாயைத் திறந்து, எவ்விதக் காரணமும் இல்லாமல், தெளிவான குரலில், "ஏனுங்க, அந்தப் புள்ள வண்டியில வேற எஞ்சின் போட்டிருப்பாங்களாட்ட இருக்குது," என்றாள்.

சொல்லிவிட்டுக் கையால் வாயைப் பொத்தினாள்.

மருதாசலம் அவளைப் பார்த்தார். சாலையைப் பார்த்தார். நாற்பத்தைந்து வருடமாகத் தன் நெஞ்சுக்குள் துருவேறிக் கிடந்த அந்த வாக்கியத்தைத் தேடிப் பார்த்தார். நட்டு கழன்ற ஓட்டை மட்டும் இருந்தது.

"நீ சொன்னதா அது?"

"மூணு நாளாச் சோறு திங்காம உக்காந்திருந்தீங்க," என்றாள் நாகரத்தினம். "கல்யாணமாகி ரெண்டு வாரங்கூட ஆகல. எனக்கு உங்களை என்ன பேசித் தேத்தறதுன்னு தெரியல. வாயில வந்ததைச் சொன்னேன். சொன்னதும் ரெண்டு தட்டு சோறு தின்னீங்க."

"எழுதிக் குடுத்துட்டேனேடி!"

"அது எனக்குத் தெரியுமா? சோறு வடிச்சுக்கிட்டு இருந்தேன்."

அதற்கு மேல் பேச முடியவில்லை; எட்டாம் வளைவு வந்துவிட்டது. பஞ்சும் இல்லாமல், சந்தேகமும் இல்லாமல், நாற்பத்தைந்து வருடத்தில் முதல்முறையாக மருதாசலம் முன்னால் போகிற வண்டியின் சத்தத்தைக் கேட்டார். ஒன்பதாம் வளைவில் அவருடைய ஜீப் ஒரு பெருமூச்சு விட்டது. முன்மூடி திறந்தது. எஞ்சின் எழுந்து, சாலையில் இறங்கி, எண்ணெய் சொட்ட, திருப்பித் தருகிறேன் என்று சொல்லி அதை அவர் இரவல் வாங்கிய மச்சானின் வீடு இருக்கிற உடுமலைத் திசையில், இடப்பக்கமாகவே, நடந்தது.

துளசிமணி பத்தாம் வளைவின் முனையில் திரும்பிப் பார்த்தாள். கீழே இரண்டு பேரோடு ஓடாத ஜீப். மேலே பதினோராம் வளைவில் வெயில் பட்டு மின்னிக்கொண்டு போகிற கோப்பை. இன்னும் ஒரு நிமிடம் மிதித்தால் கை நீட்டிப் பிடித்துவிடலாம்.

"மேடம், போங்க போங்க!" என்றார் ஆராவமுதன். எந்த விதியும் நினைவுக்கு வராத ஒரே தருணம் அவருக்கு அது.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, ரிவர்ஸ் போட்டாள்.

"ஏறிக்குங்க," என்றாள், எஞ்சினை நிறுத்தாமல். "அக்கா, நீங்க பலகைக்கு வாங்க. அண்ணா எங்கியாச்சும் தொத்திக்கட்டும்."

மருதாசலம் ஏறவில்லை. தக்காளியின் பின்புறம் போய், புகைக்குழாய்க்கு நேரே குனிந்து நின்றார், காதைக் கொடுத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு. புகை வேட்டியைக் கறுப்பாக்கியது.

"ஏனுங்க, ஆராவமுதன்," என்றார் கடைசியில். "எழுதிக்குங்க."

ஆராவமுதனிடம் எழுதக் காகிதம் இல்லை. புத்தகம் மூன்றாம் வளைவில் விழுந்திருந்தது. சட்டைக் கையை நீட்டிவிட்டுக்கொண்டு பென்சிலை எடுத்தார்.

"இதே எஞ்சின்தானுங்க. ரெண்டாவது கியர்லருந்து மூணுக்குப் போறப்ப ஒரு விக்கல் விக்குது பாருங்க, அது அன்னைக்கும் விக்குச்சு. இந்த அம்மிணி அன்னைக்கு முன்னாடி போயிட்டு இருந்தாங்க, பதினாலு வளைவும் இந்த விக்கலுக்குப் பின்னாடியேதான் நான் வந்தேன். இதை என்னைக்காட்டியும் நல்லாக் கேட்டவன் எவனும் இல்லை. முன்னாடி போனவங்களுக்குக்கூட இது கேட்டிருக்காது."

"கேக்கலைங்க," என்றாள் துளசிமணி, உண்மையான வியப்போடு. "விக்குதா?"

"ரெண்டுல இருந்து மூணுக்கு."

"எங்கப்பா கேட்டிருந்தா ராவியிருப்பாரு."

நாலு பேரோடு தக்காளி மெதுவாக மலை ஏறியது. மூன்று முறை விக்கியது. உச்சியில் இருந்த ஒரே வீட்டின் வாசலில் கோப்பை வந்து சேர்ந்து, சாணம் தெளித்த இடத்தில் இளைப்பாறிக்கொண்டிருந்தது. அந்த வீட்டுப் பெண் அதைக் கையில் எடுத்துப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டே அவர்களை நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்க மாமனார் காலத்துல ஒரு பந்தயத்துக்கு இரவல் கேட்டு வாங்கீட்டுப் போனாங்களாமுங்க, புதுசு வர்ற வரைக்கும்னு. இப்பத்தான் திருப்பித் தாராங்க."

தேய்த்த இடத்தில் எழுத்துகள் எழுந்தன. எண் இருந்தது, ஆண்டு இருந்தது, ஆராவமுதன் பூதக்கண்ணாடியை வைத்து உரக்கப் படித்தார்: "கால்நடைக் கண்காட்சி, 1951. சிறந்த காளை. முதல் பரிசு."

சுவரில் மாலை போட்ட படத்திலிருந்து ஒரு காளை அவர்களைப் பார்த்தது, தன் பொருளைத் தொட்டவர்களைப் பார்க்கிற பார்வை. முதலில் சிரித்தது நாகரத்தினம். பிறகு துளசிமணி சிரித்துக்கொண்டே வாசல் திட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"பலகையில பேரு எழுதிருவாங்கல்ல?" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

ஆராவமுதன் சட்டைக் கையைக் காட்டினார். "இந்தச் சட்டையையே அனுப்பி வெப்பேன், மேடம்."

வீட்டுக்காரப் பெண், வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்ப மனமில்லாமல் உள்ளே போய் மோர் கொண்டு வந்தாள். டம்ளர் எல்லாம் அப்போதுதான் யார் யார் வீட்டுக்கோ கிளம்பிப் போயிருந்ததால், மோரைக் கோப்பையிலேயே ஊற்றி, "மனசாரக் குடுக்கறனுங்," என்று சொல்லி, பக்கத்தில் நின்ற ஆண்பிள்ளை என்பதால் மருதாசலத்தின் கையில் கொடுத்தாள்.

மருதாசலம் கோப்பையின் இரண்டு காதையும் பிடித்து வாங்கினார். நாற்பத்தைந்து வருடத்தில் அது முதல்முறையாக அவர் கைக்கு வந்திருந்தது, கனமாக, குளிர்ச்சியாக, கொத்தமல்லித் தழை மிதக்க. ஒரு கணம் அதைப் பார்த்தார். பிறகு அப்படியே திரும்பித் துளசிமணியிடம் நீட்டினார்.

"குடிங்க, அம்மிணி. நீங்கதான மொதல்ல வந்தீங்க."